வயிற்றைப் பார்க்காத வாசிப்பு

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நான் கட்டடக்கலை படிக்கும் மாணவன். விடுதியில் நாங்கள் ஆறு நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஓர் ஓவியத்தை எடுத்துக்கொண்டு பேசுவது வழக்கம். சென்ற வாரம் வான்கோ 1882-இல் வரைந்த ‘துயரம்’ என்ற கோட்டோவியத்தைப் பார்த்தோம். ஆடையில்லாத ஒரு பெண் முழங்கால்களின் மீது கைகளை மடித்து, அவற்றுக்குள் முகத்தைப் புதைத்து அமர்ந்திருக்கும் படம் அது. அதில் உள்ள குறியீடுகளை நான் இவ்வாறு வகுத்துச் சொன்னேன்: நிர்வாணம் உண்மையைக் குறிக்கிறது, மறைந்த முகம் அவமானத்தை, அவிழ்ந்த கூந்தல் இழவை, தொங்கும் மார்பு வற்றிப்போன தாய்மையை, காலடியில் இருக்கும் பூக்கள் நம்பிக்கையை. ஒரு நண்பன் இதை ஏற்கவில்லை. வறுமையில் இருந்த ஒரு வயதான பெண்ணை ஆடையின்றி அமரவைத்து வரைந்ததே சுரண்டல், அதில் குறியீடு தேடுவது இரண்டாவது சுரண்டல் என்றான். இன்னொருவன், படத்தின் மனநிலை என்பது பார்ப்பவரின் மனநிலைதான், எனவே எந்த வாசிப்பும் சரி என்றான். வாக்குவாதம் முற்றிப் பாதியில் எழுந்துவிட்டோம். உருவச் சித்திரங்களில் உள்ள குறியீடுகளையும் மனநிலையையும் முறையாக வாசிப்பது எப்படி? அதற்கு எந்த நூலிலிருந்து தொடங்கலாம்? உங்கள் ஓவியக் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிப்பவன் என்ற உரிமையில் கேட்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வாசகன்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் வந்த நாளில் அந்தப் படத்தின் அச்சுப்பிரதி என் மேசைமேல்தான் இருந்தது. இரண்டு மாதங்களாக அங்கேயே இருக்கிறது. தை மாதக் கடைசியில் என் சித்தி இறந்துபோனாள். காரியங்கள் முடிந்த பிறகு அவளுடைய டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்த்தபோது, இளம்வயதில் எடுத்த புகைப்படம் ஒன்றுகூட அதில் இல்லை. ரேஷன் அட்டைக்காக எடுத்த, அறுபதைக் கடந்த முகம் மட்டும்தான் எஞ்சியிருக்கிறது. எனக்கு நினைவில் இருக்கும் சித்தியோ முப்பது வயதுக்காரி; முகம் தெரியாமல் குனிந்து உட்கார்ந்திருப்பவள். அந்த உட்காரலைத் தேடிப் போய்த்தான் பல வருடங்களுக்குப் பிறகு இந்தப் படத்தை மறுபடியும் எடுத்து வைத்தேன். நீங்கள் கேட்காமல் இருந்திருந்தாலும் இதை யாருக்காவது எழுதியிருப்பேன்.

ஒரு விடுதியில் ஆறு இளைஞர்கள் ஞாயிற்றுக்கிழமை மாலையை ஒரு படத்துக்காக ஒதுக்கி வைக்கிறார்கள் என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தருகிறது. சண்டை போட்டுக்கொண்டு எழுந்துபோனதைப் பற்றி வருந்த வேண்டாம். அக்கறை இல்லாத இடத்தில் சண்டை வராது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி உட்காருங்கள். ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை வாசித்தபோது எனக்குக் கோபம் வந்தது, அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. நிர்வாணம், முகம், கூந்தல், மார்பு, பூக்கள் என்று ஐந்தை எண்ணியிருக்கிறீர்கள். மார்புக்கும் தொடைக்கும் நடுவே அந்தப் பெண்ணின் வயிறு இருக்கிறது. அது பருத்திருக்கிறது. அவள் பிள்ளைத்தாய்ச்சி. ஆறு பேர் ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து பார்த்தும் அந்த வயிறு ஒருவர் கண்ணிலும் படவில்லை. மார்பைப் பார்த்து ‘வற்றிப்போன தாய்மை’ என்று எழுதுகிறீர்கள். அதற்குக் கீழே, மூன்று மாதத்துக்குள் பிறக்கப்போகும் ஒரு குழந்தை இருக்கிறது. உங்கள் நண்பர் அவளை வயதான பெண் என்கிறார். அப்போது அவளுக்கு வயது 32.

அவள் பெயர் க்ளாசினா மரியா ஹூர்னிக். வான்கோ தம் கடிதங்களில் சியன் என்று குறிப்பிடுகிறார். ஹேக் நகரில் 1850-இல் பிறந்தவள். 1882-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் வான்கோ அவளைச் சந்தித்தபோது, வயிற்றில் இருந்த குழந்தையின் தகப்பன் அவளைக் கைவிட்டுப் போயிருந்தான். கையில் ஐந்து வயதை எட்டும் ஒரு பெண்குழந்தை. உடலை விற்றுத்தான் அன்றன்றைய ரொட்டி. அவளை மாடலாக அமரச் சொன்ன வான்கோவுக்கு அப்போது 28 வயது. தம்பி தியோ மாதந்தோறும் அனுப்பிய பணத்தில்தான் அவரும் வாழ்ந்துகொண்டிருந்தார். மாடலுக்கு உரிய முழுக் கூலியைத் தர முடியவில்லை, ஆனால் அவளுடைய வாடகையைக் கொடுத்தேன், என் ரொட்டியை அவளோடும் அவள் குழந்தையோடும் பகிர்ந்துகொண்டேன் என்று தியோவுக்கு எழுதினார். அந்த ஏப்ரலில் வரைந்ததுதான் இந்தப் படம். ஜூலை 2-ஆம் தேதி லைடன் நகரின் மருத்துவமனையில் அவளுக்கு ஆண்குழந்தை பிறந்தது. மறுவருடம் செப்டம்பரில் வான்கோ அவளைப் பிரிந்து வடக்கே போய்விட்டார். 1904-இல் அவள் நீரில் மூழ்கி இறந்தாள்.

இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் ஒரு படத்தைப் பார்க்க வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டியதில்லை. பிறந்த வருடமும் இறந்த வருடமும் தெரியாமலும் ஒருவர் வயிற்றைப் பார்க்கலாம்.

அது ஏன் உங்கள் கண்ணில் படவில்லை என்பதை நான் நிறைய யோசித்தேன். படத்தின் அடியில் ‘துயரம்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை வான்கோவே எழுதியிருக்கிறார். லண்டனின் படப் பத்திரிகைகளில் வந்த மரச்செதுக்கு ஓவியங்களை அவர் தேடித்தேடிச் சேர்த்துக்கொண்டிருந்த காலம் அது. ஒரே கோட்டில் உருவத்தைப் பிடிக்கும் அந்த ஆங்கில பாணியின் மேல் இருந்த பிரியம் தலைப்பின் மொழியிலும் வந்துவிட்டது. அதனோடு பிரெஞ்சு வரலாற்றாசிரியர் மிஷ்லேயின் ஒரு வரியையும் சேர்த்திருக்கிறார்: இந்தப் பூமியில் ஒரு பெண் தனியாக, கைவிடப்பட்டவளாக இருப்பது எப்படி நேர்கிறது? இந்தச் சொல்லும் இந்த வரியும் படத்துக்கு முன்னால் ஓடி வந்து நின்றுகொள்கின்றன. துயரம் என்ற சொல்லைக் கையில் வாங்கிய பிறகு, அதற்குச் சாட்சி சொல்லக்கூடிய உறுப்புகளை மட்டும் உடலிலிருந்து பொறுக்கி எடுத்தீர்கள். குனிந்த தலை சாட்சிக்கு வந்தது, தொங்கும் மார்பு வந்தது, கூந்தல் வந்தது. நம் ஊரில் வயிற்றுப்பிள்ளை என்றால் வளைகாப்பும் மகிழ்ச்சியும்தானே. துயரத்துக்கு அது எதிர்ச்சாட்சி அல்லவா? அதனால் அதை விட்டுவிட்டீர்கள். வேண்டுமென்றே செய்ததாக நான் சொல்லவில்லை. சொல் முன்னால் நின்றால் கண் இப்படித்தான் வேலை செய்யும்.

உங்கள் பட்டியலில் உள்ள மற்றவற்றில் பலவற்றை நான் நீளமாகப் பேசப் போவதில்லை. பூக்கள் நம்பிக்கையைக் குறிக்கின்றன என்று உங்களுக்கு முன்பே பலர் எழுதியிருக்கிறார்கள். இருந்துவிட்டுப் போகட்டும், ஹாலந்தில் ஏப்ரல் மாதம் பூ பூக்கிற மாதமும்தான். அவிழ்ந்த கூந்தலை இழவோடு சேர்ப்பது நம்முடைய பழக்கம். தலைவிரி கோலம் என்றால் நமக்குக் கண்ணகியும் பாஞ்சாலியும் நினைவுக்கு வருவார்கள். ஹேக் நகரத்து ஏழைப் பெண் ஒருத்தியின் முதுகில் கிடக்கும் முடியின் மேல் அந்தப் பொருளைத் தூக்கி வைக்க நமக்கு உரிமை இல்லை. நிர்வாணம் உண்மையைக் குறிக்கிறது என்ற வாக்கியத்தை எந்த நிர்வாண ஓவியத்தின் கீழும் ஒட்டலாம். எங்கும் ஒட்டுகிற ஒன்று இந்தப் படத்தைப் பற்றி எதையும் சொல்வதில்லை. எந்த வாசிப்பும் சரி என்று சொன்ன நண்பரிடம், பிள்ளைத்தாய்ச்சியைக் கிழவி என்று வாசித்ததும் சரியா என்று கேளுங்கள்.

மறைந்த முகத்தைப் பற்றி மட்டும் நின்று பேச வேண்டும், ஏனென்றால் அங்கேதான் உங்கள் முறை முழுவதும் உடைகிறது. அதே வருடம் நவம்பரில், அதே ஹேக் நகரில், வான்கோ இன்னொரு முகத்தை மறைத்தார். முதியோர் இல்லத்தில் வாழ்ந்த ஒரு கிழவரை நாற்காலியில் அமரவைத்து, முழங்கைகளைத் தொடைமேல் ஊன்றி, இரண்டு முஷ்டிகளாலும் முகத்தை மூடிக்கொள்ளச் சொல்லி வரைந்து, அதைக் கல்லச்சிலும் ஏற்றினார். ‘நித்தியத்தின் வாசலில்’ என்று பொருள்படும் தலைப்பு அதற்கு. அப்படிக் கணப்படுப்பின் மூலையில் அமைதியாக உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவரின் தோற்றத்தில், அவர் அறியாமலே, கடவுளும் நித்தியமும் உண்டு என்பதற்கான வலுவான சான்று ஒன்று தமக்குத் தெரிகிறது என்று தியோவுக்கு எழுதினார். எட்டு வருடங்கள் கழித்து, 1890-இல், தாம் இறப்பதற்குச் சுமார் இரண்டு மாதங்களுக்கு முன் அதையே எண்ணெய் வண்ணத்திலும் தீட்டினார். உங்கள் அகராதிப்படி அங்கும் முகம் மறைந்திருக்கிறது, ஆகவே அங்கும் அவமானம். ஆனால் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிழவரின் முகம் முஷ்டிகளுக்குள் அழுந்தியிருக்கிறது, விரல்கள் இறுகியிருக்கின்றன, முழங்கைகள் உடலைத் தாங்கும் தூண்களாக இருக்கின்றன. சியனின் தலை கைகளின் மேல் கிடக்கிறது. நீர்க்குடத்தை இறக்கி வைப்பதுபோல் அவள் தன் தலையை இறக்கி வைத்திருக்கிறாள். கிழவரிடம் ஏதோ ஒன்று இன்னும் பிடித்துவைக்கப்பட்டிருக்கிறது, இவளிடம் ஏதோ ஒன்று விடப்பட்டிருக்கிறது. இந்த வித்தியாசத்துக்கு எந்தக் குறியீட்டு அகராதியிலும் பதிவு இருக்காது.

நம்மிடம் இதற்கு மிக நல்ல சொல் ஒன்று இருக்கிறது: மெய்ப்பாடு. உள்ளத்தில் இருப்பது மெய்யில் படுவது. தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் நான்கு இடங்களிலிருந்து பிறக்கும் என்கிறார். அழுகை பிறக்கும் நான்கு இடங்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ எளிமைப்பட்டுப் போவது இளிவு. உறவையோ உடைமையையோ இழப்பது இழவு. பழைய நிலை கெட்டுத் தளர்ந்து வருந்துவது அசைவு. வறுமை நமக்குத் தெரிந்த வறுமைதான். தலை குனிந்தால் அழுகை, கூந்தல் அவிழ்ந்தால் அழுகை என்று அந்த இடத்தில் அவர் பட்டியல் போடவில்லை என்பதைக் கவனியுங்கள். அழுகை எங்கிருந்து வருகிறது என்று காட்டிவிட்டு நிறுத்திக்கொள்கிறார். அது ஒவ்வொரு மெய்யிலும் எப்படிப் படும் என்பதை அந்தந்த மெய்யைப் பார்த்துத்தான் அறிய வேண்டும். சியனிடம் நான்கும் உண்டு. இந்தப் படத்தின் கோட்டில் எனக்கு முதலில் தெரிவது அசைவு. தளர்ச்சி. முதுகு.

இந்த இடத்தில் என் சித்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு ஒன்பது வயது. ஆற்றங்கரையை ஒட்டிய ஊர். சித்தப்பா பம்பாய்க்கு வேலைக்குப் போனவர், முதல் இரண்டு மாதம் கடிதம் போட்டார், பிறகு கடிதமும் இல்லை, பணமும் இல்லை. சித்தி எட்டு மாத வயிற்றோடு எங்கள் வீட்டில்தான் இருந்தாள். ஒரு மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து சாப்பிட வந்தவள், கை கழுவப் பின்கட்டுக்குப் போனேன். கிணற்றடியில் துவைகல்லின் மேல் சித்தி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பாதி அலசிய துணிகள் வாளியில் கிடந்தன. வயிறு இடிக்காமல் இருக்க முழங்கால்களைக் கொஞ்சம் அகற்றி வைத்து, அவற்றின் மேல் கைகளை மடித்துப் போட்டு, அதன் மேல் தலையைக் கவிழ்த்திருந்தாள். சேலை முதுகிலிருந்து நழுவியிருந்தது. ரவிக்கைக்குக் கீழே முதுகெலும்பின் முடிச்சுகளை ஒவ்வொன்றாக எண்ணலாம்போல் இருந்தது. நான் உள்ளே ஓடிப்போய் ஆச்சியிடம், சித்தி அழுகிறாள் என்று சொன்னேன்.

ஆச்சி வந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. சித்திக்குப் பின்னால் நின்று, இடுப்புக்குச் சற்று மேலே, முதுகெலும்பின் இரண்டு பக்கமும் கட்டைவிரல்களை வைத்து அழுத்தினாள். கொஞ்ச நேரம் கழித்து, தலையைத் தூக்காமலே சித்தி சொன்னாள்: “இன்னுங் கொஞ்சம் கீழ.” ஆச்சி கையை இறக்கி அழுத்தினாள். பிறகு என் பக்கம் திரும்பி, “அவ அழல, இடுப்புக் கடுப்பு. நீ போயி அடுப்புல வெந்நி போடு” என்றாள். ஆச்சி சொன்னதைத்தான் நான் நாற்பது வருடங்கள் நம்பினேன். அழுகை என்று நான் வாசித்தது பிழை, அது வலி மட்டுமே என்று. பின்னாளில் ஒருமுறை, சித்தி என் வீட்டில் வந்து தங்கியிருந்தபோது, அந்த மத்தியானம் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. “இடுப்பு வலிதான். அழுகையும் வந்துச்சி. ரெண்டும் தனித்தனியாவா வரும்?” என்றாள்.

வயிறு கனத்த பெண்ணுக்கு உடலின் பாரம் முன்னால் இழுக்கும். அதை ஈடுகட்ட இடுப்பு பின்னால் வளையும். நாள் முழுவதும் நின்றவளுக்கு அந்த இடம் தீயாய்க் காயும். முன்னால் சரிந்து, எதன் மேலாவது தலையையும் கைகளையும் போட்டுவிட்டால், முதுகுக்குக் கொஞ்ச நேரம் விடுதலை. பிள்ளை சுமந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, உடலே அந்த இருப்பைக் கண்டுபிடித்துக்கொள்ளும். சியன் அமர்ந்திருப்பது அப்படி. மாடலாக நெடுநேரம் அசையாமல் இருக்க வேண்டிய ஒரு பிள்ளைத்தாய்ச்சி தாங்கக்கூடிய இருப்பும் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. வான்கோ அந்த இருப்பில் துயரத்தைக் கண்டார். அவர் கண்டது பொய் என்று நான் சொல்லவில்லை. அந்தத் துயரம் இடுப்பு வலியிலிருந்து பிரிக்க முடியாத துயரம் என்கிறேன். உங்கள் வாசிப்பில் வலியே இல்லை. வலி இல்லாமல் வெறும் துயரம் மட்டும் இருந்தால் அது யாருடைய துயரமும் ஆகாது.

இனி கோட்டுக்கு வருகிறேன், ஏனென்றால் இது வண்ணமில்லாத படம். இதில் மனநிலை இருக்கிறது என்றால் அது கோட்டில்தான் இருக்க வேண்டும். 1882 ஏப்ரலில் தியோவுக்கு எழுதிய கடிதத்தில், நான் இதுவரை வரைந்த உருவங்களிலேயே இதுதான் சிறந்தது என்று நினைக்கிறேன் என்று சொல்லி, படத்தின் ஒரு படியையும் வான்கோ அனுப்பினார். பிரெஞ்சு ஓவியர் மில்லேயின் ஆட்டிடைச்சி மரச்செதுக்கை முந்தைய கோடையில் தியோ காட்டியபோது, ஒரே கோட்டைக்கொண்டு எவ்வளவு செய்துவிட முடிகிறது என்று வியந்ததை அதில் நினைவுகூர்கிறார். கூடவே எனக்கு மிகவும் பிடித்த ஒரு செய்தியையும் சொல்கிறார். படத்தாளுக்கு அடியில் மேலும் இரண்டு தாள்கள் இருந்தன. சரியான விளிம்புக்கோட்டைப் பிடிக்க அவர் கடுமையாக உழைத்தார். பலகையிலிருந்து தாளை எடுத்தபோது, அடியில் இருந்த இரண்டு தாள்களிலும் அந்தக் கோடு அப்படியே பதிந்திருந்தது. அந்தப் பதிவைப் பின்பற்றி உடனே வரைந்து முடித்த படியைத்தான் தம்பிக்கு அனுப்பினார்.

தம்பி, இந்தச் செய்தியை வைத்துக்கொண்டு படத்தை மறுபடி பாருங்கள். இரண்டு தாள்களைக் கடந்து பதியும் அளவுக்கு அழுத்திய கை அது. எதற்காக அவ்வளவு அழுத்தம்? பின்கழுத்திலிருந்து தொடங்கி இடுப்புவரை வளைந்து இறங்கும் அந்த முதுகுக்கோடு ஒரு கூரையின் பாரத்தைத் தாங்கும் வளைவைப் போன்றது. எதிர்ப்பக்கத்தில் வயிற்றின் கோடு முன்னால் தள்ளிக்கொண்டு வந்து தொடையில் முட்டி நிற்கிறது. ஒரு கோடு தளர்ந்து சரிகிறது, இன்னொரு கோடு உள்ளிருந்து வளர்ந்து தள்ளுகிறது. இரண்டும் ஒரே உடலில். இந்தப் படத்தின் மனநிலை எது என்று என்னைக் கேட்டால், இந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவே இருக்கும் இழுபறி என்று சொல்வேன். உடலின் உள்ளே நிழல் மிகக் குறைவு. நாற்காலி இல்லை, அறை இல்லை, மேலே போர்த்திக்கொள்ள ஒரு துணி இல்லை. கைகால்கள் மெலிந்து நீண்டிருக்கின்றன. எதையெல்லாம் விடலாமோ அதையெல்லாம் அவர் விட்டுவிட்டார். வயிற்றை விடவில்லை. அவர் அத்தனை தெளிவாக வைத்ததைத்தான் நீங்கள் விட்டுவிட்டீர்கள்.

மே மாதத் தொடக்கத்தில் எழுதிய இன்னொரு கடிதத்தில், இந்தப் பெண்ணுருவத்தையும், மணற்பாங்கான நிலத்தில் பாதி பெயர்ந்து நிற்கும் மரவேர்களைத் தாம் வரைந்த படத்தையும் சேர்த்துப் பேசுகிறார். புயலால் பாதி பிடுங்கப்பட்டும் மண்ணைப் பற்றிக்கொள்ளும் அந்தக் கரிய, முடிச்சு விழுந்த வேர்களிலும், வெளிறி மெலிந்த இந்தப் பெண்ணிடத்திலும் வாழ்க்கைக்கான போராட்டத்தில் ஏதோ ஒன்றைச் சொல்ல விரும்பினாராம். போராட்டம் என்ற சொல்லைக் கவனியுங்கள். அவள் வீழ்ந்துவிட்டாள் என்று அவர் சொல்லவில்லை. வேர் எதைப் பற்றிக்கொண்டிருக்கிறது என்பது மண்ணில் தெரிகிறது; இவள் எதைப் பற்றிக்கொண்டிருக்கிறாள் என்பது வயிற்றில் தெரிகிறது.

சுரண்டல் என்று சொன்ன நண்பருக்கு ஒரு வார்த்தை. அவருடைய கோபத்தை நான் மதிக்கிறேன். வயதைத் தவறாகச் சொன்னாலும் அவர் ஒருவர்தான் அங்கே ஓர் உயிருள்ள பெண் இருந்தாள் என்பதை நினைத்திருக்கிறார். பசியில் இருப்பவளுக்கும் ரொட்டி கொடுப்பவருக்கும் நடுவே எதுவும் சமமாக இருக்க முடியாது என்பதும் உண்மைதான். ஆனால் அதே ஏப்ரலில் வரைந்த இன்னொரு படத்தையும் அவர் பார்க்க வேண்டும். சியன் கணப்படுப்பின் அருகே தரையில் உட்கார்ந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அதே பெண், அதே மாதம், வயிற்றில் அதே பிள்ளை. அதற்குத் துயரம் என்று பெயர் இல்லை, மிஷ்லேயின் வரியும் இல்லை. தனக்கென்று ஒரு சுருட்டும் கொஞ்சம் வெதுவெதுப்பும் கிடைத்த ஒரு பொழுது, அவ்வளவுதான். அதைப் பார்த்த பிறகு எனக்கு வான்கோவின் மேல் ஒரு குறை உண்டு. கடிதங்களில் அவளைப் பெயர் சொல்லித்தான் எழுதினார். இந்தப் படத்தின் அடியில் மட்டும் ஒரு பெரிய சொல்லை எழுதி அவள் பெயரை மூடிவிட்டார். இன்று இந்தப் படம் இங்கிலாந்தில் வால்சால் நகரத்தின் கலைக்கூடத்தில், கார்மன் ரையன் தொகுப்பில் இருக்கிறது. ஏறக்குறைய ஒரு முழ உயரமுள்ள சிறிய தாள். அதன் முன் நிற்பவர்கள் துயரத்தைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள், சியனைப் பார்ப்பவர்கள் குறைவு என்றுதான் நினைக்கிறேன். நானும் முதல் பல வருடங்கள் அப்படித்தான் பார்த்தேன். சித்தியின் பெட்டியை மூடிவிட்டு வந்த பிறகுதான் அந்த வயிறு எனக்குத் தெரிந்தது. உங்கள் மேல் வந்த கோபத்தில் ஒரு பங்கு என் மேல் எனக்கு வந்த கோபம்.

எந்த நூலிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். குறியீடுகளுக்குப் பொருள் சொல்லும் நூல்களை இப்போதைக்குத் தொட வேண்டாம். வான்கோ எழுதிய கடிதங்களில் 650-க்கும் மேற்பட்டவை தம்பி தியோவுக்கு எழுதியவை. ஆம்ஸ்டர்டாமில் உள்ள வான்கோ அருங்காட்சியகம் 2009 முதல் எல்லாக் கடிதங்களையும் இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. 1882-ஆம் ஆண்டின் கடிதங்களை மட்டும் முதலில் வாசியுங்கள்.

அதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். நீங்கள் கட்டடக்கலை மாணவர். கட்டடத்தைக் குறுக்கே வெட்டியதுபோல் காட்டும் வெட்டுமுகம் வரையும்போது பாரம் தாங்கும் சுவரை எவ்வளவு தடிமனான கோட்டால் காட்ட வேண்டும், பின்னால் தெரியும் ஜன்னலை எவ்வளவு மெல்லிய கோட்டால் காட்ட வேண்டும் என்று முதலாம் ஆண்டிலேயே சொல்லித் தந்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆறு பேரும் உட்காரும்போது, ஆளுக்கு மூன்று தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். அந்தப் படத்தின் தலைப்பையும் பிரெஞ்சு வரியையும் ஒரு துண்டுக் காகிதத்தால் மறைத்துவிடுங்கள். பேசாமல், அளவெடுக்காமல், அவளுடைய விளிம்புக்கோட்டைப் பார்த்து வரையுங்கள். முதுகில் தொடங்கி, வயிற்றைக் கடந்து, தொடையில் முடியுங்கள். பிறகு மேல்தாளை எடுத்துவிட்டு அடித்தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். உங்கள் கை எந்த இடத்தில் அதிகம் அழுத்தியிருக்கிறது என்பதை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அம்மா